பகல் தூக்கம்

டம்ளர் இருந்த இடம் சரியில்லை.

ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, தலைமுடியில் புளித்த மாவு வாடையும் கால்களில் கல்லைக் கட்டியது போன்ற கனமுமாக வீட்டுக்குள் நுழைந்தவள், தோள் பையைக்கூட இறக்காமல் முதலில் கணவரின் அறையைத்தான் எட்டிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தது. அவருக்கு முகம் மழித்து, தலை வாரி, சட்டை மாற்றியிருந்தது. வருடக்கணக்காக அந்த அறையில் குடியிருந்த மருந்தும் மூத்திரமும் கலந்த நெடி போய் சோப்பு மணம் வந்திருந்தது. கட்டிலை ஒட்டிய குட்டி மேசையில் டம்ளர் நிறையத் தண்ணீர், அவர் உறிஞ்சிக் குடிக்க ஒரு வளைந்த குழல். அவருக்கு அசைவது இடது கை ஒன்றுதான். அந்தக் கை மேசைமேல் முழுக்க நீண்டு, விரல்கள் விரிந்து கிடந்தது. நடுவிரல் நுனிக்கும் டம்ளருக்கும் நடுவே ஒரு விரற்கடை தூரம்.

அவள் டம்ளரை எடுத்துக் குழலை அவர் வாயில் வைத்தாள். அவர் மூச்சு வாங்காமல் உறிஞ்சினார். தண்ணீர் தீர்ந்து குழல் கரகரவென்று சத்தம் போட்ட பிறகும் விடவில்லை.

"மாமாவுக்குத் தண்ணி வச்சிட்டேன்க்கா," என்று சமையலறையிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "நீ போய்ப் படு."

அவசரத்தில் கொஞ்சம் தள்ளி வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்து முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

அவளுடைய தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு நாள் வேலையில் இருக்கும்போதே மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தார். உயிர் பிழைத்தது. பேச்சு போயிற்று. வலது பக்கம் முழுக்கச் செத்துப்போயிற்று. கண்ணை ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. அவருக்கு மிச்சமிருந்த மொழி அவ்வளவுதான். பகலில் அவரோடு இருக்க வேண்டும் என்பதற்காக அவள் இரவு வேலைக்கு மாறினாள். பார்த்துக்கொள்ள வந்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனார்கள். பகலெல்லாம் அவரைத் துடைத்து, ஊட்டி, புண் வராமல் புரட்டிப் போட்டு, நடுநடுவே கிழிந்த துணி போலத் துண்டு துண்டாகத் தூங்கினாள். தொழிற்சாலையில் பெல்ட்டில் வரும் ரொட்டிகளில் கருகியதையும் வெடித்ததையும் பொறுக்கி எடுப்பது அவள் வேலை. நின்றபடியே கண் சொக்கி, கருகிய ரொட்டிகள் வரிசையாகத் தன்னைக் கடந்துபோவதை ஏதோ ஊர்வலம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மேற்பார்வையாளர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார்.

மழைக்காலத் தொடக்கத்தில்தான் தம்பி வந்தான். நீதிமன்றம் அனுப்பிவைத்த மனநலச் சிகிச்சை மையத்திலிருந்து அவனை வெளியே விடுவதென்றால் கூட வைத்துக்கொள்ள ஒரு குடும்பம் வேண்டும் என்றார்கள். அவனுக்கு அவளைத் தவிர யாருமில்லை. அவளுக்கும் அவனைத் தவிர யாருமில்லை.

அவன் செய்தது அப்போது அவன் இருந்த ஊருக்கே தெரியும். பழக்கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தான். குளிர் அறைக்குள் போன சக தொழிலாளியை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, கதவிலிருந்த வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வந்து திறந்தபோது உள்ளே இருந்தவனுக்கு உயிர் இருந்தது; கால் விரல்கள் இல்லை. இரண்டு பேருக்கும் சண்டையா என்று கேட்டார்கள். இல்லை, நல்ல பையன் என்றான். பிறகு ஏன் திறக்கவில்லை என்று கேட்டதற்கு, அடுத்து என்ன செய்வான் என்று பார்க்க நின்றதாகச் சொன்னான். அந்த வரியை அவள் நீதிமன்றத்தில் தன் காதாலேயே கேட்டாள். அதில் கர்வமும் இல்லை, வருத்தமும் இல்லை. பஸ் ஏன் தாமதம் என்று கேட்டவருக்குப் பதில் சொல்லும் குரல்.

அவனைக் கண்காணிக்க மையத்திலிருந்து முதல் முறை வீட்டுக்கு வந்த டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் பேசினார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த நடுவயதுப் பெண். நாற்காலியில் உட்கார்ந்ததும் கணுக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். இதற்கு மாத்திரை கிடையாது என்றார். மற்றவர் முகத்தில் பயத்தையும் வலியையும் பார்த்தால் நமக்குள் தானாக அடிக்கிற ஒரு மணி, இவர்களுக்கு அடிப்பதில்லை, அடித்தாலும் எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்பது போலத்தான் கேட்கும் என்றார். தண்டனையால் இவர்கள் திருந்துவதில்லை. நல்லது செய்தால் ஆதாயம் உண்டு என்று பழக்கினால் ஓரளவு பலன் தெரிகிறது. அதைத்தான் மையத்தில் செய்திருக்கிறார்கள். கோபம் எது, பயம் எது, துக்கம் எது என்று முகம் பார்த்துப் பெயர் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள், வேற்று மொழி கற்றுக்கொடுப்பது போல.

பிறகு சின்ன வயதைப் பற்றிக் கேட்டார். அவள் சொன்னாள். அப்பாவின் பெல்ட், பூட்டிய அறை, எதுவும் கேட்காதது போல ரேடியோ சத்தத்தைக் கூட்டும் அம்மா. அடி வாங்கி அவள் அழும்போது தம்பி பக்கத்தில் வந்து குனிந்து அவள் முகத்தையே உற்றுப் பார்ப்பான். அவளைத் தொட மாட்டான், தானும் அழ மாட்டான்.

"அப்போ அந்த அடியாலதான் இப்படி ஆனானா, டாக்டர்?"

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். பிறக்கும்போதே கொஞ்சம் கொண்டுவந்திருக்கலாம். அதே வீடு, அதே அடி, நீங்க ஒரு மாதிரி, அவர் ஒரு மாதிரி. ஏன்னு கேட்டா, முழுசா எங்களுக்கும் தெரியாதும்மா."

கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்று சொன்னார். அவன் தன்னிடம் பேசுவதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாதாம். பேச்சில் அவனுக்கு நூற்றுக்கு நூறாம். கூட இருப்பவர்கள் பார்ப்பதுதான் தனக்குக் கண் என்றார். அப்புறம், அவனுக்குச் சலிப்பு ஆகாது. சும்மா உட்காரவிடக் கூடாது. கைக்கு வேலை இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

வேலைக்கா பஞ்சம்? அந்த வீட்டில் ஒரு மனிதர் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

தம்பி அதை அப்படியே எடுத்துக்கொண்டான். ஒரே வாரத்தில் புரட்டக் கற்றான், மூத்திரக் குழாய் மாற்றக் கற்றான், கஞ்சியை எந்தப் பதத்தில் ஊட்டினால் புரையேறாது என்று கற்றான். முகம் சுளிக்கவில்லை. அவனுக்கு அருவருப்பு என்பதே இல்லை. முதுகிலிருந்த புண் ஆறியது. கன்னம் உப்பியது. மாடி வீட்டு டீச்சர் படியிறங்கும்போதெல்லாம் நின்று, உங்க தம்பி மாதிரி ஒருத்தர் எங்க வீட்லயும் இருந்தா தேவலையே என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

அவள் தூங்கினாள். காலையில் வந்து படுத்தால் பொழுது சாயும்வரை, கனத்த திரைக்குப் பின்னால், வெளியே வண்டிகள் போவதும் குழாயில் தண்ணீர் ஓடுவதும் எங்கோ நாய் குரைப்பதும் தண்ணீருக்கடியில் கேட்பது போலக் கேட்க, கை எங்கே கால் எங்கே என்று தெரியாமல், பெயர் மறந்து, வயது மறந்து, பக்கத்து அறையில் ஒருவர் இருப்பதும் மறந்து, கிணற்றில் போட்ட கல் போல இறங்கித் தூங்கினாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். கண்ணைச் சுற்றியிருந்த கறுப்பு வெளுத்திருந்தது. பெல்ட்டில் ஒரு ரொட்டிகூடத் தப்பவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் தானே ஒரு பாட்டை முணுமுணுத்ததைக் கேட்டுத் திடுக்கிட்டாள்.

டம்ளருக்கு அப்புறம் மணி.

கூப்பிட வேண்டுமென்றால் இழுக்க, கட்டிலின் இடது கம்பியில் ஒரு கயிறும் மணியும் அவள் கட்டியிருந்தாள். ஒரு காலையில் அது வலது கம்பியில் இருந்தது. செத்த கையின் பக்கம். கயிறு அந்த உள்ளங்கையில் பாந்தமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. விரிப்பு மாற்றும்போது அந்தப் பக்கம் போயிருக்கும் என்றான் தம்பி. அவள் பழையபடி மாற்றிக் கட்டினாள்.

அப்புறம் வெயில். மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்தவள், கணவரின் ஜன்னல் திரை ஒரு கோடு மட்டும் விலகியிருப்பதையும், அந்தக் கோட்டு வெயில் சரியாக அவர் கண்களின் குறுக்கே விழுந்திருப்பதையும் பார்த்தாள். தலையைத் திருப்ப அவரால் முடியாது. கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் இறங்கித் தலையணை நனைந்திருந்தது. தம்பி நிழலில் நாற்காலி போட்டு, முழங்கையை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். டிவி பார்ப்பவன் உட்காருவது போல.

"வெயில் பட்டா எலும்புக்கு நல்லதுன்னு சொன்னாங்கக்கா."

அவள் திரையை இழுத்துவிட்டாள். என்ன சொல்வது? ஒரு விரற்கடை. ஒரு கயிறு. ஒரு கோடு வெயில். இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் கேட்பவர் சிரிப்பார்கள்.

சுவர் மெல்லியது. அரைத் தூக்கத்தில் அடுத்த அறையின் சத்தங்கள் வரும். கட்டில் முனகுவது. கணவரின் தொண்டையிலிருந்து எழும் அந்த ஈரமான, எழுத்தில்லாத ஒலி. அதற்கு மேல் தம்பியின் குரல், தாழ்வாக, பொறுமையாக, குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது போல. முதலில் வார்த்தை பிடிபடவில்லை. ஒரு நாள் பிடிபட்டது.

"இது கோவமா மாமா? இல்ல, பயமா? பயம்னா ஒரு தடவை கண்ணை மூடுங்க."

கட்டில் லேசாக முனகியது.

"ம். நானும் அதான் நினைச்சேன்."

மையத்தில் கற்றதைப் பயிற்சி செய்கிறான் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பயிற்சி செய்யச் சொல்லித்தானே அனுப்பினார்கள். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். துணிக்குள் தன் மூச்சின் சூடும் மாவு வாடையும். அடுத்த அறையில் மறுபடி தொண்டை ஒலி, இந்தத் தடவை கொஞ்சம் உயர்ந்து, பாதியில் நின்றது. ஏன் நின்றது என்று எழுந்துபோய்ப் பார்க்கலாம். பத்தடி தூரம் இருக்குமா? கால்களை அசைத்துப் பார்த்தாள். அவை அவளுடையவை போல இல்லை.

அதற்குப் பிறகு கணவரின் கண்களைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். வலிக்குதா, பசிக்குதா, போர்வை வேணுமா என்று எல்லாம் கேட்டாள், ஒரே ஒரு கேள்வியைத் தவிர. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் ஏதாவது செய்ய வேண்டும். செய்தால் தம்பி போய்விடுவான். அவன் போனால், மறுபடி அந்தப் பகல்கள். அவர் கண்கள் மட்டும் அவளை விடவில்லை. அவள் அறைக்குள் போகும்போதே கதவில் வந்து ஒட்டிக்கொள்ளும். கூடவே வரும். வெளியேறும்போது முதுகில் கனக்கும்.

ஒரு விடுமுறை நாளில், தம்பி காய்கறி வாங்கப் போயிருந்த நேரம், அவளால் கேட்காமல் இருக்க முடியாமல் போயிற்று. கட்டிலில் உட்கார்ந்தாள். அவருடைய இடது கையைப் பிடித்தாள். மணிக்கட்டின் உள்பக்கம் தோல் கன்றியிருந்தது.

"என்னங்க," என்றாள். "அவன் உங்களை ஏதாவது பண்றானா?"

அவர் கண்கள் அவள் முகத்தில் இருந்தன. விரிந்தன. பிறகு மெதுவாக நகர்ந்தன. அவள் தோளுக்கு மேலே. அவளுக்குப் பின்னால்.

அவள் திரும்பினாள்.

கதவு நிலையில் சாய்ந்து தம்பி நின்றிருந்தான், கையில் காய்கறிப் பை. வாசல் கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. செருப்புச் சத்தமும் கேட்கவில்லை. பையிலிருந்த கீரையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியிருந்தது. அந்த ஈரத்தின் அளவைப் பார்த்தால் அவன் வெகு நேரமாக அங்கே நிற்கிறான்.

"நல்ல கேள்விக்கா," என்றான். கோபம் இல்லை. "சொல்லுங்க மாமா. அக்கா கேக்குறால்ல."

கணவர் அவனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

இல்லை.

அவளுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்து இறங்கியது. அது நிம்மதி. பொய் என்று தெரிந்தே வந்த நிம்மதி. அவர் கையை விரிப்பின்மேல் வைத்துவிட்டு எழுந்து போய்ப் படுத்தாள். அன்றைக்கும் தூங்கினாள்.

டாக்டரின் கடைசி வருகை ஒரு மத்தியானம். அன்றோடு கண்காணிப்புக் காலம் முடிகிறது. அவன் அங்கேயே தங்கலாமா, மையத்துக்குத் திரும்ப வேண்டுமா என்று அவர் சொல்ல வேண்டும். தம்பி டீ போட்டுக் கொடுத்து, மாமாவுக்குக் கால் பிடித்துவிட நேரமாகிவிட்டது என்று பணிவாக விலகிப் போனான். டாக்டர் கணவரின் அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இவ்வளவு சுத்தமாகப் ஒரு படுக்கை நோயாளியை எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை என்றார். மணிக்கட்டு போர்வைக்குள் இருந்தது.

பிறகு கேட்டார். திருடுகிறானா? கோபம் வருகிறதா? பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறானா? யாரையாவது மட்டம் தட்டுகிறானா? இல்லை, இல்லை, இல்லை. எல்லாவற்றுக்கும் அவள் உண்மையைத்தான் சொன்னாள். அவன் எதையும் தட்டிக்கழிக்கவில்லை.

"வேற ஏதாவது? சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல. உங்களுக்கே கிறுக்குத்தனமாத் தோணினாலும் சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். டம்ளர் நாக்கு நுனிவரை வந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகமும் களைத்துத்தான் இருந்தது. இதற்கு மேல் ஒன்று வேண்டாம், நல்ல செய்தி ஒன்று இருக்கட்டும் என்று கெஞ்சும் களைப்பு. அதற்குப் பின்னால் வரப்போகும் நாட்கள் அவளுக்குத் தெரிந்தன: புரட்டு, துடை, ஊட்டு, கண் சொக்கு, விழித்துக்கொள், புரட்டு. அறையில் மறுபடி ஏறும் அந்த நெடி. பெல்ட்டில் போகும் கருகிய ரொட்டிகள்.

"ஒரு குறையும் இல்ல டாக்டர். பெத்த பிள்ளைகூட இப்படிப் பாத்துக்க மாட்டான்."

டாக்டர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை மூடினார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, நீங்களாவது நல்லாத் தூங்குறீங்களா என்று கேட்டார்.

"இப்பதான் டாக்டர் தூங்குறேன்."

கதவைச் சாத்திவிட்டு அவள் போய்ப் படுத்தாள். இரவு வேலைக்கு இன்னும் நேரமிருந்தது. திரைக்கு வெளியே வெயில் மங்கி, மழைக்கு முந்தைய அந்தப் பழுப்பு வெளிச்சம் அறைக்குள் கசிந்தது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை டக்கென்றது. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். சுவருக்கு அப்பால் கட்டில் முனகிற்று, தொண்டை ஒலி எழுந்தது, தம்பியின் தாழ்ந்த குரல் ஓடியது. எல்லாம் பழகிய சத்தங்கள். அவற்றின் மேலேயே தலை வைத்து அவள் தூங்கிப்போனாள்.

எழுப்பியது அமைதிதான்.

தொண்டை ஒலி இல்லை. குரல் இல்லை. கட்டில் சத்தம் இல்லை. மின்விசிறி மட்டும். டக். டக். மழை இன்னும் தொடங்கியிருக்கவில்லை. அறைக்குள் காற்று ஈரத்துணி போலத் தொங்கியது. அவள் படுத்தபடியே காத்திருந்தாள். ஏதாவது ஒரு சத்தம் வரும். வந்தால் திரும்பிப் படுக்கலாம்.

வரவில்லை.

பிறகு வந்தது. ஒரு மூச்சு. தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தவன் இழுக்கும் மூச்சு. நீளமாக, கிழிசலாக. இன்னொன்று. மூன்றாவது பாதியில் வெட்டுப்பட்டது.

மறுபடி அமைதி.

எழுந்தாள். தரை சில்லென்றிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடைவழியில் சோப்பு மணம். கதவு ஒருக்களித்திருந்தது. விரலால் தள்ளினாள். கதவு சத்தம் போடவில்லை. அதற்கு எண்ணெய் விட்டிருந்தது.

தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய ஒரு கை கணவரின் நெற்றியில் இருந்தது. முடியை மெல்ல, மிக மெல்ல, கோதிக்கொண்டிருந்தது. இன்னொரு கை அவர் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடியிருந்தது. அழுத்தம் தெரியவில்லை. சும்மா வைத்திருப்பது போல. கணவரின் இடது மணிக்கட்டு அவன் முழங்காலுக்குக் கீழே.

தம்பி குனிந்து அவர் கண்களுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் முகம் மாறிக்கொண்டிருந்தது. புருவம் மேலே ஏறியது. கண் விரிந்தது. வாயோரம் பக்கவாட்டில் இழுபட்டது. சரியில்லை போலிருக்கிறது; அழித்துவிட்டு மறுபடி முயன்றான். அவர் முகத்தைப் பார்த்து. ஒவ்வொரு கோடாக.

கையை எடுத்தான். மூச்சு. கிழிசல். இருமல். காத்திருந்தான். மறுபடி வைத்தான்.

அப்போது கணவர் அவளைப் பார்த்தார்.

அவர் பார்வை போன இடத்துக்குத் தம்பியும் திரும்பினான். திடுக்கிடவில்லை. கையை எடுக்கவில்லை.

"முழிச்சிட்டியாக்கா? சத்தம் போட்டுட்டோமா?"

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்த வேண்டும். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அது அவளுக்குத் தெரிந்தது, பாடமாக. அது நெஞ்சில் வந்து இறங்கட்டும் என்று காத்திருந்தாள். வரும். இப்போது வந்துவிடும். கணவரின் கண்கள் அவளிடம் இருந்தன. பிதுங்கி, சிவந்து, ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டு. அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். கால் வலித்தது. முதுகு வலித்தது. வேறு எதுவும் வரவில்லை.

தம்பி அவளை உற்றுப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. கடினமான கணக்குக்கு விடை தேடுகிற பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம். பிறகு அது மெல்ல விரிந்தது.

"கோவமில்ல," என்றான். "பயமும் இல்ல. உன் முகத்துல ஒண்ணுமே இல்லையேக்கா."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. தெரியாத ஊரில் தன் பாஷை பேசும் ஆளைக் கண்டவனின் குரல். அவன் பிறந்ததிலிருந்து அவள் அவனிடம் கேட்டிராத குரல். சந்தோஷத்தில் அது லேசாக நடுங்கியது.

அவன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். பக்கத்தில் விரிப்பைத் தட்டினான்.

அவளால் நிற்க முடியவில்லை. நேற்று இரவெல்லாம் நின்றிருக்கிறாள். இன்று இரவும் நிற்க வேண்டும். அறையில் வேறு இடம் இல்லை. வந்து உட்கார்ந்தாள். மெத்தை அமுங்கியது. சுகமாக இருந்தது. தம்பி கையை எடுத்தான். கணவர் மூச்சை அள்ளி அள்ளி இழுத்தார். அவர் கண்கள் இந்த முகத்துக்கும் அந்த முகத்துக்கும் ஓடின. இதிலிருந்து அதற்கு. அதிலிருந்து இதற்கு. வேகமாக. பிறகு மெதுவாக. பிறகு எந்த முகத்துக்கும் வராமல் கூரையில் நின்றன.

வெளியே மழை விழத் தொடங்கியது. தம்பி அவளுடைய வலது கையை எடுத்தான். விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரித்தான். ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்த அந்த வாயின்மேல் கொண்டுபோய் வைத்தான். அதற்கு மேல் தன் கையை வைத்துக்கொண்டான்.

உள்ளங்கைக்குக் கீழே மூச்சு முட்டி முட்டித் திரும்பியது. எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். இதோ எடுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

கொட்டாவி வந்தது.